பூஜ்யம் காட்டிய தொட்டியில் இறந்த இரண்டு மீன்கள்: புதுக் கடல்நீர்த் தொட்டியும் அம்மோனியாவும்

புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறவர்களிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் இதைத்தான் சொல்வேன்: டெஸ்ட் கிட்டில் அம்மோனியா (மீன் கழிவிலும் அழுகும் தீவனத்திலும் உண்டாகும் விஷம்) பூஜ்யம் என்று வந்துவிட்டால் தொட்டி தயாராகிவிட்டது என்று பொருளில்லை. இதை யாரும் முன்னாலேயே சொல்லாததால் போனவை இரண்டு கோமாளி மீன்கள், ஒரு புட்டி பாக்டீரியா, மூட்டை உப்பில் பாதி, ஆறரை வாரம். உப்பையும் புட்டியையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்த இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிய காட்சிதான் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எந்த இடத்தில் எது தவறியது என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

தொட்டியில் நிகர நீர் 100 லிட்டர். சுமார் 10 கிலோ உலர் பாறை, அடியில் மெல்லிய மணல், ஒரு ஹீட்டர், நீரைச் சுழற்றும் ஒரு பவர்ஹெட் பம்ப். ஆர்.ஓ. நீரில் 3.7 கிலோ கடல் உப்புக் கலவை கரைத்ததில், உப்படர்த்தி அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 1.025 காட்டியது. வெப்பநிலை 26 டிகிரி. அம்மோனியாவைத் தின்னும் என்று விற்கப்படும் பாக்டீரியா ஒரு புட்டி முதல் நாளே ஊற்றியாயிற்று. நான்காம் நாள் நீர் கண்ணாடி போல் இருந்தது. அம்மோனியா 0, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் 0. மனசு துள்ளியது. ஐந்தாம் நாள் மீன்கள் உள்ளே இறங்கின.

அந்தப் பூஜ்யத்துக்கு விளக்கம் எளிது. தொட்டியில் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா நிறைந்திருந்தாலும் பூஜ்யம்தான் வரும். அம்மோனியா உண்டாக வழியே இல்லாமல் இருந்தாலும் பூஜ்யம்தான் வரும். இரண்டுக்கும் கிட் ஒரே மஞ்சள் நிறத்தைத்தான் காட்டும். நான்கு நாள் வெறும் பாறையும் மணலும் கிடந்த தொட்டியில் மீனும் இல்லை, தீவனமும் இல்லை, பிறகு அம்மோனியா எங்கிருந்து வரும்? கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு இருக்கிறது" என்பதல்ல, "போட்டது எவ்வளவு நேரத்தில் தீர்கிறது" என்பது. தெரிந்த அளவு அம்மோனியாவைப் போட்டு, அது தீருகிற வேகத்தைப் பார்க்காத வரை அந்தத் தொட்டியைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது.

அப்படியானால் புட்டி பாக்டீரியா என்ன ஆனது? அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுபவை ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுபவை இன்னொரு கூட்டம். இரண்டுமே மெதுவாகப் பெருகுபவை. பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா அரை மணி, ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகும், இவற்றுக்கு நல்ல சூழலிலேயே அரை நாளோ ஒரு நாளோ ஆகும். கெட்டி உறை கட்டிக்கொண்டு (ஸ்போராக) உறங்கும் திறனும் இவற்றுக்குக் கிடையாது. அதனால் வெயிலில் காய்ந்த புட்டி, உறைந்துபோன புட்டி, தேதி கடந்த புட்டி எதுவும் பெரிதாக உதவாது. புட்டி நல்லதாகவே இருந்தாலும், ஊற்றிய பிறகு பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொள்ள அவகாசமும் தின்ன அம்மோனியாவும் வேண்டும். ஊற்றுவதற்கு முன் நன்றாகக் குலுக்குங்கள், முதல் சில நாட்களுக்குக் கிருமி கொல்லும் யூவி விளக்கையும் கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்தி வையுங்கள், அன்றே அம்மோனியாவும் போடுங்கள்.

மீன்கள் இறங்கிய பிறகு நாளைக்கு இரண்டு வேளை சிட்டிகை சிட்டிகையாகத் தீவனம் போனது. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அற்பமாகத்தான் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் உலர் தீவனத்தில் பாதி புரதம் என்று வைத்துக்கொண்டால், அதில் சுமார் 80 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அது முழுக்க அம்மோனியாவாக மாறினால் 97 மில்லிகிராம். 100 லிட்டர் நீரில் அது ஏறக்குறைய 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம். மீன் தின்றதில் ஒரு பங்கு அதன் உடலில் சேரும், மிச்சத்தில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேறும். தின்னாமல் பாறை இடுக்கில் விழுந்தது அழுகி முழுதும் அம்மோனியாவாகும். ஏழாம் நாள் 0.25, எட்டாம் நாள் 0.5, ஒன்பதாம் நாள் காலை 1.0. கணக்கு சொன்ன இடத்தில்தான் அளவீடும் வந்து நின்றது.

அன்று காலை மீன்கள் நீர்ப்பரப்பை ஒட்டி நின்றன. செவுள் வேகவேகமாக அடித்துக்கொண்டது, துடுப்புகள் உடலோடு ஒட்டிக்கிடந்தன, போட்ட தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவுள் ஓரம் சிவந்திருந்தது. இந்த ஐந்தையும் ஒன்றாகப் பார்த்தால் கிட்டை எடுக்கும் முன்பே புது நீர் கலக்கத் தொடங்கிவிடலாம். இங்கே கையில் தயாராக இருந்த உப்புநீர் 20 லிட்டர்தான். அதை மாற்றியதும் 1.0 என்பது 0.8 ஆனது. குறைந்துவிட்டதே என்று சற்று மூச்சு வந்தது. மறுநாள் ஒரு மீன் இறந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று.

குறைந்த பிறகும் ஏன் இறந்தன என்பது வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. நீரில் இருக்கும் அம்மோனியா முழுவதும் ஒரே வடிவில் இருப்பதில்லை. பெரும்பகுதி அம்மோனியம் அயனியாக இருக்கும், அதனால் வரும் தீங்கு குறைவு. மீதி தனி அம்மோனியா, செவுளைத் தாண்டி இரத்தத்தில் நுழைவது அதுதான். கிட் காட்டுவது இரண்டும் சேர்ந்த மொத்தத்தை. இதில் எவ்வளவு தனி அம்மோனியா என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது பிஎச், அதாவது நீரின் அமில கார அளவு. 7.0 பிஎச் உள்ள நன்னீர்த் தொட்டியில் அது நூற்றில் ஒன்றுகூட இல்லை. கடல்நீர்த் தொட்டியில் 26 டிகிரியில், பிஎச் 7.9 என்றால் சுமார் 4 சதவீதம், 8.1 என்றால் 6 சதவீதம், 8.3 என்றால் 9 சதவீதம். மூடிய அறையில் கரியமில வாயு சேர்ந்து, காலையில் தொட்டியின் பிஎச் 7.9 ஆக இருந்தது. புது நீர் கலந்து, ஜன்னலைத் திறந்து, பவர்ஹெட்டை மேலே திருப்பிவிட்டதும் மாலையில் 8.1 ஆனது. 1.0-இல் 4 சதவீதம் 0.04. 0.8-இல் 6 சதவீதம் 0.048. மொத்தம் குறைந்தது, விஷம் கூடியது. தனி அம்மோனியா 0.02-ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். 0.05-ஐ நெருங்கிய நீரில் நாள் கணக்கில் எந்த மீனையும் வைத்திருக்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு யாரும் பிஎச்சைத் தாழ்த்திப் பார்க்க வேண்டாம், காற்றோட்டத்தையும் நிறுத்த வேண்டாம். செவுள் புண்ணான மீனுக்கு ஆக்ஸிஜன்தான் முதல் மருந்து. செய்ய வேண்டியது, பெரிய அளவில் நீர் மாற்றுவது. முதலில் பாதி, மறுபடி அளந்து 0.5-ஓ அதற்கு மேலோ இருந்தால் அன்றே இன்னொரு பாதி. 1.0 இரண்டு முறையில் 0.25 ஆகிவிடும். 10, 20 சதவீத மாற்றம் மாதாந்தர பராமரிப்புக்கு நல்லது, ஆபத்து நேரத்தில் அது போதவே போதாது. புது நீரின் உப்படர்த்தியும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும், வெப்பத்தில் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. தீவனத்தை அடியோடு நிறுத்துங்கள், இரண்டு மூன்று நாள் பட்டினியால் வளர்ந்த மீன் சாகாது. பாறைக்குப் பின்னால் நத்தையோ மீனோ செத்துக் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். கையில் புட்டி பாக்டீரியா இருந்தால் அதையும் ஊற்றலாம். அம்மோனியாவைக் கட்டிப்போடும் என்று விற்கப்படும் திரவங்களை மட்டும் நம்பி நீர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மீன் உள்ளே இருக்கும் முதல் மாதங்களில், தொட்டி அளவில் பாதிக்குச் சமமான உப்புநீரை ஒரு மூடிய டிரம்மில் எப்போதும் கலந்து வைத்திருங்கள். அந்த ஒரு டிரம் இருந்திருந்தால் இரண்டாவது மீனாவது பிழைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

கிட்டைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். சொட்டு ஊற்றிப் பார்க்கும் கிட்களில் 0-க்கும் 0.25-க்கும் நடுவே கண் தடுமாறும். புதிதாகக் கலந்த, மீன் படாத உப்புநீரிலும் அதே சோதனையைச் செய்து, இரண்டு குழாய்களையும் வெள்ளைத் தாளின் மேல் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சில உப்புகளிலேயே சிறிதளவு அம்மோனியா இருப்பதும் இப்படித்தான் வெளிப்படும். குழாய் நீரில் குளோரமின் இருந்தால் அதை முறிக்கும்போது அம்மோனியா வெளியாகும். ஆர்.ஓ.வோடு, மிச்ச அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசினும் தாண்டி வந்த நீரைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, சில கிட் அம்மோனியாவாகவும் சில கிட் அம்மோனியாவிலுள்ள நைட்ரஜனாகவும் எண் தரும். இரண்டாவது வகையின் எண்ணை 1.2-ஆல் பெருக்கினால்தான் முதல் வகையோடு ஒப்பிட முடியும்.

மீன்கள் போன பிறகு முக்கால்வாசி நீரை மாற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியாயிற்று, இம்முறை மீன் இல்லாமல். டேம்செல் மீனை விட்டுத் தொட்டியைப் பழக்கு என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை. பிழைத்தாலும் அந்த டேம்செல் தொட்டி முழுதும் தன்னுடையது என்று பின்னால் வரும் மீன்களையெல்லாம் விரட்டும். பச்சை இறாலைப் போட்டு அழுகவிடுவதும் வேலை செய்யும், ஆனால் எவ்வளவு அம்மோனியா வருகிறது என்பது நம் கையில் இருக்காது, கூடவே பாஸ்பேட்டும் ஏறிப் பாசிக்கு விருந்தாகும். அளந்து போடக்கூடியது அம்மோனியம் குளோரைடு. 10 கிராம் தூய தூளை ஆர்.ஓ. நீரில் கரைத்து மொத்தம் 500 மில்லி ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் 31 மில்லி ஊற்றினால் 100 லிட்டர் தொட்டியில் அம்மோனியா சுமார் 2 பிபிஎம் ஏறும். கணக்குப் போடும்போது தொட்டியின் கொள்ளளவை எடுக்காதீர்கள், பாறையும் மணலும் பிடித்த இடத்தைக் கழித்த நிகர நீரை எடுங்கள். 2 போதும். 4, 5 என்று ஏற்றினால் வேலை வேகமாகாது, பாக்டீரியாவையே அது அமுக்கும், முக்கியமாக நைட்ரைட்டைத் தின்னும் கூட்டத்தை. விளக்கை அணைத்து வையுங்கள், ஹீட்டரை 27, 28-க்கு ஏற்றுங்கள், நீர்ப்பரப்பு நன்றாக அசையட்டும். இந்தப் பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனை ஏராளமாகச் செலவழிப்பவை.

பிறகு காத்திருப்பு. எட்டு நாள் 2 என்ற நிறம் அசையவே இல்லை. தினமும் பார்த்துப் பார்த்துச் சலித்து, இன்னொரு புட்டி, இன்னொரு மருந்து என்று கை நீளும் கட்டம் இது. எதையும் போடாமல் இருப்பதுதான் கடினம், அதுதான் சரியும்கூட. ஒன்பதாம் நாள் 1.5, பன்னிரண்டாம் நாள் 0, நைட்ரைட் கிட்டின் நிற அட்டையில் உச்ச நிறத்தில். இரண்டாவது 31 மில்லி நான்கு நாளில் தீர்ந்தது, மூன்றாவது இரண்டு நாளில், நான்காவது ஒரே நாளில். நைட்ரைட்டோ உச்சத்திலேயே நின்றது. தொட்டி நீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. நீர் ஒன்பது பங்கு கலந்து சோதித்துப் பத்தால் பெருக்கினால் 20. உச்ச நிறத்தை மட்டும் பார்த்தால் 5-உம் 20-உம் ஒன்றுபோலத் தெரியும், குறைந்து வருகிறதா என்பதே புரியாது. ஆகவே இந்த நீர்த்தல் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். நைட்ரைட் இப்படிக் குவிந்திருக்கும்போது மேலும் மேலும் அம்மோனியா போடுவதை நிறுத்திவிட்டு, இரண்டாவது கூட்டம் எட்டிப்பிடிக்க விடவேண்டும்.

இங்கே பலர் பார்க்கத் தவறும் ஒரு எண் காரத்தன்மை, அதாவது பிஎச் சரியாமல் தாங்கிப்பிடிக்கும் திறன். அதை டிகேஎச் என்ற அலகில் அளப்பார்கள். அம்மோனியா நைட்ரைட்டாக மாறும்போது அமிலம் உண்டாகி, காரத்தன்மையைக் கரைக்கும். 2 பிபிஎம் அம்மோனியா ஒரு முறை தீர்ந்தால் சுமார் 0.66 டிகேஎச் போகும். நான்கு முறையில் 8.5-இல் இருந்தது 6-க்கு வந்துவிட்டது. அதற்கும் கீழே போனால் பிஎச் சரிந்து பாக்டீரியாவின் வேலை மந்தமாகும். சமையல் சோடா 3 கிராம் 100 லிட்டரில் ஏறக்குறைய 1 டிகேஎச் ஏற்றும். ஆர்.ஓ. நீரில் கரைத்து, மொத்தம் 7.5 கிராம், இரண்டு நாளாகப் பிரித்து ஊற்றியதும் பழைய நிலைக்கு வந்தது. 27-ஆம் நாளிலிருந்து நைட்ரைட் இறங்கத் தொடங்கி, 33-இல் பூஜ்யம்.

நைட்ரைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நன்னீர் வளர்த்துவிட்டு வருபவர்களுக்கு நைட்ரைட் என்றாலே குலை நடுங்கும், அங்கே அது இரத்தத்தைப் பழுப்பாக்கிக் கொல்லும். கடல்நீரில் குளோரைடு அபாரமாக இருப்பதால், செவுள் வழியே நைட்ரைட் உள்ளே போவதை அது தடுத்துவிடுகிறது. அம்மோனியா 24 மணி நேரத்தில் தீர்கிறது, நைட்ரைட் மட்டும் 1 பிபிஎம் அளவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அதற்காக இன்னும் இரண்டு வாரம் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் சோதனையை நம்பாதீர்கள், பல மடங்கு கூட்டிக் காட்டும்.

34-ஆம் நாள் கடைசித் தேர்வு: மறுபடி 31 மில்லி, மணி பார்த்து. 35-ஆம் நாள் அதே நேரத்தில் அம்மோனியா 0, நைட்ரைட் 0. முதல் பூஜ்யம் சொல்லாததை இந்தப் பூஜ்யம் சொல்கிறது. ஐந்து முறை போட்ட அம்மோனியா சேர்ந்து நைட்ரேட் 36 பிபிஎம் அளவுக்கு வரவேண்டும், பாதி நீரை மாற்றினால் 18. அதற்குப் பிறகு தொட்டியை நாள்கணக்கில் வெறுமனே விடாதீர்கள். மீன் வரத் தாமதமானால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 15 மில்லியாவது ஊற்றுங்கள். விளக்குப் போட ஆரம்பித்ததும் மணலில் பழுப்புப் பொடி படரும், அது டயட்டம் என்ற நுண்பாசி, தானாகப் போய்விடும்.

மீன் வரும் பையிலும் அம்மோனியா காத்திருக்கிறது. நீண்ட பயணம் செய்த பையில் மீன் விட்ட மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பிஎச் தாழ்ந்திருக்கும். அதனால் அங்கே குவிந்த அம்மோனியா தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அந்த நீரிலேயே மீன் நிற்க, அம்மோனியா விஷமாக மாறும். பையைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மணி, இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீர் விடுவது, நெடுந்தூரம் வந்த மீனுக்கு நாம் அன்போடு செய்யும் தீங்கு. மூடிய பையை 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, திறந்ததும் உப்படர்த்தி பார்த்து, வித்தியாசம் சிறிது என்றால் மீனை மட்டும் எடுத்து உடனே மாற்றுங்கள். பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. பையின் உப்படர்த்தி மிகவும் தாழ்ந்திருந்தால், அதே அடர்த்தியில் ஒரு வாளி சுத்தமான உப்புநீர் கலந்து அதில் விட்டு, நாள்கணக்கில் மெல்ல ஏற்றலாம்.

முதலில் ஒரு மீன், அதிகம் போனால் சின்னதாக இரண்டு. பாக்டீரியாவின் தொகை கிடைக்கும் உணவுக்கு ஏற்பவே நிற்கும், ஒரே நாளில் ஆறு மீன் வந்தால் திண்டாடும். முதல் வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள், அடுத்த மீனுக்கு இரண்டு மூன்று வாரம் விடுங்கள். ஸ்பாஞ்சையும் ஃபில்டர் பஞ்சையும் குழாய் நீரில் அலசாதீர்கள், நீர் மாற்றும்போது எடுத்த தொட்டி நீரிலேயே பிழியுங்கள். மின்சாரம் பல மணி நேரம் நின்றுவிட்டால் மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து நீர் கெட்டிருக்கும், உள்ளே இருக்கும் நீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். அம்மோனியாவை உறிஞ்சும் என்று ஜியோலைட் என்ற கனிமத்தை வாங்கிப் போடாதீர்கள். நன்னீரில் அது உதவும், கடல்நீரில் அம்மோனியா ஒட்டவேண்டிய இடங்களைச் சோடியம் பிடித்துக்கொள்ளும். உயிர்ப்பாறை (சிற்றுயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறை) வாங்குபவர்கள், அதில் பயணத்தில் செத்த உயிர்கள் அழுகி முடியும் வரை தனித் தொட்டியில் பம்பும் ஹீட்டரும் வைத்துப் பதப்படுத்துங்கள். துர்நாற்றம் போய், அம்மோனியா தொடர்ந்து பூஜ்யமாக வரும்வரை மீன் இருக்கும் தொட்டிக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

இந்தக் கதை அப்படியே மறுபடி நடக்கும் இடம் ஒன்று உண்டு: புது மீனைத் தனிமைப்படுத்தும் சிறு தொட்டி. 40 லிட்டர், பாறை இல்லை, மணல் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. இரண்டாம் மூன்றாம் நாளே அம்மோனியா ஏறும். செம்பு மருந்து போட்டிருந்தால் குளோரின் நீக்கும், அம்மோனியா கட்டும் திரவங்களை அதோடு சேர்ப்பது ஆபத்து, அவை செம்பை மேலும் நச்சு வடிவமாக மாற்றிவிடக்கூடும். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இருக்கிற பாக்டீரியாவையும் குறைத்துவிடும். அதனால் முதன்மைத் தொட்டி தயாரான நாளிலிருந்தே, சம்ப்பிலோ (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) பவர்ஹெட்டின் ஓட்டம் படும் இடத்திலோ இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர்களைப் போட்டு வையுங்கள். நான்கு வாரம் ஊறிய ஒன்றை எடுத்துச் சிறு தொட்டியில் காற்றுக்குழாயோடு பொருத்தினால் முதல் நாளிலிருந்தே வேலை செய்யும். அங்கேயும் மீனை விடுவதற்கு முந்தின நாள் 1 பிபிஎம் போட்டுப் பார்த்துவிடுங்கள், 40 லிட்டருக்கு அதே கரைசலில் 6 மில்லி போதும். செம்பு பட்ட ஸ்பாஞ்ச் மறுபடி சம்ப்புக்குத் திரும்பக் கூடாது. எடுத்த இடத்தில் புதிதாக ஒன்றைப் போடுங்கள்.